கென்டக்கியில் 1850-க்கு முன்: ஒருவருடைய அப்பா யார் என்று நிறுவுவது எப்படி?

மேகலா_ரா கேட்டது:

என் கணவரின் அப்பா வழிக் குடும்பம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்தது. 1940 சென்சஸில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போய் 1850 வரை வந்தாயிற்று. அங்கே ஜான் என்று ஒருவர் நிற்கிறார். வயது 68, விவசாயி, பிறந்த இடம் வர்ஜீனியா. அவ்வளவுதான். வர்ஜீனியாவில் எந்தக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) என்று இல்லை. அதே குடும்பப் பெயரில் அந்தக் கவுண்டியிலேயே ஏழெட்டு வீடுகள் இருக்கின்றன.

இணையத்திலுள்ள குடும்ப மரங்களில் முப்பதுக்கும் மேற்பட்டவை ஒரே ஆளைத்தான் அப்பா என்கின்றன. வர்ஜீனியாவில் 1796-இல் உயில் எழுதிவிட்டு இறந்தவர். உயிலில் "என் மகன் ஜான்" என்று இருக்கிறது. இதைத் தவிர எந்த மரத்திலும் வேறு ஆதாரம் இல்லை. நம்பலாமா? நம்பக்கூடாது என்றால் 1850-க்கு முன்னால் எதை, எந்த வரிசையில் பார்ப்பது? பழைய சென்சஸில் வீட்டுத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் வெறும் எண்கள்.

---

பழைய_கணக்கு:

அந்த வெறும் எண்களில்தான் விஷயம் இருக்கிறது. உயிலைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும், நான் சென்சஸும் வரியும் மட்டும் சொல்கிறேன்.

1850-இல் கணக்கு நாள் ஜூன் 1. அன்று 68 என்றால் பிறப்பு 1781 ஜூனுக்கும் 1782 ஜூனுக்கும் நடுவே. வயது சொன்னவர் யாரென்று தெரியாததால் முன்னும் பின்னும் இரண்டு வருடம் தளர்த்திக்கொள்ளுங்கள். இனி ஜான் விழ வேண்டிய வயதுக் கட்டங்கள்: 1810-இல் 26 முதல் 44, 1820-இலும் அதுவே, 1830-இல் 40 முதல் 49, 1840-இல் 50 முதல் 59 (அந்த இரண்டு வருடத் தளர்வில் கடைசி இரண்டிலும் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்). இந்த நான்கிலும் பொருந்தாத ஜான்களை அடித்துவிடுங்கள். பாதிப் பேர் இதிலேயே போய்விடுவார்கள்.

ஜானை மட்டும் பார்க்காமல் வீட்டிலுள்ள எல்லாரையும் கட்டம் போட்டு எழுதுங்கள். 1820-இல் பத்து வயதுக்குட்பட்ட பையன் இருவர் இருந்தால் 1830-இல் அவர்கள் 10-14, 15-19 கட்டங்களில் வர வேண்டும், அல்லது இறந்திருக்க வேண்டும், அல்லது வேறு வீட்டில் வேலைக்கு இருக்க வேண்டும்.

1820-இல் ஒரு பொறி உண்டு. ஆண்களுக்கு 16-18 என்று தனிக் கட்டம் இருக்கும். அந்தப் பையன்களே பக்கத்திலுள்ள 16-25 கட்டத்திலும் மறுபடி எண்ணப்பட்டிருப்பார்கள். தெரியாமல் கூட்டினால் வீட்டில் இல்லாத ஒரு மகன் முளைத்துவிடுவான். சில மரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் "பெயர் தெரியாத மகன்" இப்படி வந்தவன்தான்.

1810-க்கு முன்னால் சென்சஸை மறந்துவிடுங்கள். கென்டக்கியில் 1790, 1800 இரண்டுமே இல்லை. வர்ஜீனியாவிலும் இரண்டும் போய்விட்டன, 1800-இல் அக்கோமாக், லூயிசா என்ற இரண்டு கவுண்டிகள் மட்டும் தப்பின. "கென்டக்கி முதல் சென்சஸ்" என்ற பெயரில் சுற்றுவது வரிப் பட்டியல்களிலிருந்து பிற்காலத்தில் தொகுத்தது. தொகுப்பில் பெயரும் கவுண்டியும்தான் மிஞ்சியிருக்கும், மற்ற தகவலெல்லாம் போயிருக்கும். அதனால் மூலப் பட்டியலுக்கே போங்கள். வர்ஜீனியாவில் 1782 முதல், கென்டக்கியில் 1792 முதல், பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்று. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். பெயர் போட்டுத் தேடும் பெட்டியில் வராவிட்டால் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். கேட்டலாக் பகுதியில் கவுண்டி பெயரைக் கொடுத்து, படச்சுருளைத் திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

கென்டக்கிப் பட்டியலில் 21 வயதுக்கு மேற்பட்ட வெள்ளை ஆண்கள், 16 முதல் 21 வரை உள்ளவர்கள், அடிமைகள், குதிரைகள், நிலத்தின் ஏக்கர், அது எந்த ஓடைக் கரையில் என்பதெல்லாம் தனித்தனிப் பத்தியில் இருக்கும். 1782-இல் பிறந்த ஜான் 1798 வாக்கில் அப்பா வீட்டில் 16-21 கட்டத்தில் ஒரு எண்ணாக நுழைய வேண்டும். 1803 வாக்கில் அந்த எண் அங்கிருந்து மறைந்து, ஜான் தன் பெயரிலேயே ஒரு வரியாக வர வேண்டும், அநேகமாக நிலம் இல்லாமல், ஒரு குதிரையோடு. இந்த இரண்டும் ஒரே ஆண்டில் நடக்கும் வீடு எது என்று பாருங்கள். ஒரு ஆண்டைக்கூடத் தாண்டிப் போகாதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் "வாரிசுகள்" என்றோ "எஸ்டேட்" என்றோ எழுத்து மாறும் ஆண்டுதான் ஒருவர் இறந்ததற்கு உங்களுக்குக் கிடைக்கப்போகும் ஒரே சாட்சியாக இருக்கலாம்.

ஒரே பெயரில் இரண்டு ஜான் இருந்தால் ஓடையை வைத்துப் பிரியுங்கள். ஆளுக்கு வயது மாறும், எழுத்து மாறும், நிலம் நகராது.

---

கொடிவழி:

உயிலுக்கு வருகிறேன். முப்பது மரம் ஒரே பெயரைச் சொன்னால் அது முப்பது சாட்சி ஆகாது. ஒருவர் போட்டதை மற்றவர்கள் பிரதி எடுத்தது. அச்சில் வந்த பழைய வம்சாவளிப் புத்தகங்களுக்கும் இதே எச்சரிக்கை. குஸ்டாவ் அஞ்சூ என்பவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணக்காரக் குடும்பங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு வம்சாவளி தயாரித்துக் கொடுத்தார். நடுநடுவே உண்மையான ஆவணங்கள், தேவையான இடத்தில் மட்டும் ஒரு போலி இணைப்பு. அவர் கட்டிய கற்பனைக் கொடிகள் இன்னும் மரங்களில் படர்ந்துகொண்டிருக்கின்றன.

உங்கள் வழக்கில் கணக்கு எளிது. 1796-இல் உங்கள் ஜானுக்கு வயது 14. அதாவது மைனர். அப்பா சொத்தோடு இறந்திருந்தால் கோர்ட் ஆர்டர் புத்தகத்தில் கார்டியன் நியமனம் இருக்க வேண்டும். 14 ஆனவர்கள் தங்கள் கார்டியனைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பதால் "ஜான், இன்னாருடைய அநாதை மகன், கோர்ட்டுக்கு வந்து இன்னாரைத் தேர்ந்தெடுத்தான்" என்ற மாதிரி ஒரு வரி கிடைக்கலாம். அம்மா உயிரோடு இருந்தாலும் அந்தக் காலக் கோர்ட்டுக்கு அப்பா இல்லாத பிள்ளை அநாதைதான், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மாறாக, உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அந்த மகன் ஜானே ஏற்றுப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தால் அவர் பெரியவர், உங்கள் ஆள் இல்லை. இந்த ஒரு சோதனையை அந்த முப்பது பேரில் எத்தனை பேர் செய்தார்கள் என்பது சந்தேகம்தான்.

அடுத்து, உயிலிலுள்ள ஜானை முன்னோக்கித் துரத்துங்கள். அவருக்குக் கிடைத்த நிலம் என்ன ஆயிற்று? கென்டக்கியில் இருந்துகொண்டு விற்றாரா? அதே வர்ஜீனியாக் கவுண்டியில் 1830 வரை வரி கட்டிக்கொண்டே இருந்தாரா? இரண்டாவது என்றால் மரங்கள் எல்லாம் தவறு. உங்கள் ஜானின் அப்பாவைக் கண்டுபிடிப்பதைவிட இந்த ஜான் அவர் இல்லை என்று நிறுவுவது பல சமயம் வேகமாக முடியும்.

உயிலை அச்சுச் சுருக்கத்தில் படிக்காமல் முழுப் படத்தையும் படியுங்கள். எழுதிய தேதி வேறு, கோர்ட்டில் நிரூபிக்கப்பட்ட தேதி வேறு, சாவு இவை இரண்டுக்கும் நடுவே. உயிலில் எல்லாப் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கல்யாணத்தின்போதே பங்கு வாங்கிப் போன மகள் விடுபட்டிருப்பாள். உயில் இல்லாமல் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே என்ற சட்டம் வர்ஜீனியாவில் 1785-இல் மாற்றப்பட்டு, 1787 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களில் இளைய மகன்கள் சுவடே இல்லாமல் போவதற்கு இது முக்கியமான காரணம். மூத்தவனுக்கு எப்படியும் வந்துவிடும் என்று உயிலில் அவன் பெயரை விட்டதும் உண்டு.

பெயருக்குப் பின்னால் "ஜூனியர்" இருந்தால் அப்பா-மகன் என்று முடிவெடுக்காதீர்கள். ஒரே ஊரில் இரண்டு ஜான் இருந்தால் இளையவர் ஜூனியர், அவர் பெரியப்பா மகனாகவும் இருக்கலாம், உறவே இல்லாதவராகவும் இருக்கலாம். மூத்தவர் செத்ததும் ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார். அதேபோல மருமகன் என்று எழுதியிருப்பது மனைவியின் முதல் கல்யாணத்து மகனாகவும் இருக்கும்.

---

செக்குபந்தி:

நம் ஊரில் நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம் தேடிப் பின்னால் போவோமே, அதே வேலைதான் இங்கேயும். ஜான் நிலத்தை விற்ற பத்திரத்தை முதலில் பிடியுங்கள். பிறகு வாங்கிய பத்திரத்தைத் தேடுங்கள். விற்றது இருக்கிறது, வாங்கியது இல்லை, அரசு வழங்கிய பட்டாவும் இல்லை என்றால் அந்த நிலம் பரம்பரையாக வந்திருக்கலாம், அல்லது மனைவி வழியில். உடனே அந்த நிலத்தின் முந்தைய சொந்தக்காரர் யார் என்று போங்கள். "ஒரு டாலருக்கும், அன்புக்கும் பாசத்துக்கும்" என்று விலை எழுதியிருந்தால் அது தான செட்டில்மெண்ட், உறவு உறுதி. எட்டில் ஒரு பங்கை மட்டும் விற்றிருந்தால் எட்டு வாரிசுகள் இருந்திருக்கலாம், மீதி ஏழு பத்திரங்களையும் தேடுங்கள். கணவன் விற்கும் நிலத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு ஆயுள் உரிமை உண்டு, அதை விட்டுக்கொடுத்து அவளும் ஒப்புதல் தர வேண்டும். பெண்களின் முதல் பெயர் கிடைக்கும் மிகச் சில இடங்களில் அது ஒன்று. 1815 பத்திரத்தில் ஒரு பெயரும் 1822 பத்திரத்தில் வேறு பெயரும் இருந்தால் நடுவே மனைவி மாறியிருக்கிறாள்.

எல்லை விவரத்தை வரைந்து பாருங்கள். கென்டக்கியின் பெரும்பகுதியிலும் வர்ஜீனியாவிலும் சதுரக் கட்ட அளவை இல்லை. "வெள்ளை ஓக் மரத்திலிருந்து வடக்கே 35 டிகிரி கிழக்காக 120 போல், இன்னாருடைய எல்லை வரை" என்று போகும். போல் (pole) என்பது நீள அளவு: ஒரு போல் பதினாறரை அடி, 4 போல் ஒரு சங்கிலி, 160 சதுர போல் ஒரு ஏக்கர். வரைபடத் தாளில் ஒரு மில்லிமீட்டருக்கு 2 போல் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான பண்ணைகள் ஒரு தாளில் அடங்கும். கடைசிக் கோடு தொடங்கிய மரத்தில் வந்து மூடாவிட்டால் பத்திரம் பெயர்த்தெழுதும்போது ஒரு திசையையோ ஒரு வரியையோ குமாஸ்தா விட்டிருக்கிறார். அக்கம்பக்கத்துப் பண்ணைகளையும் வரைந்து ஒட்டினால் யார் யாருக்கு நடுவே ஜான் இருந்தார் என்பது கண்ணுக்குத் தெரியும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களைத்தான் வர்ஜீனியாவில் தேட வேண்டும், ஜானை அல்ல. மலை தாண்டிக் கென்டக்கிக்கு வந்தவர்கள் அநேகமாகப் பங்காளிகளும் சம்பந்திகளுமாகக் கூட்டமாகத்தான் வந்தார்கள். அபூர்வமான பெயருள்ள இரண்டு அண்டை வீட்டுக்காரர்கள் 1795-இல் எந்த வர்ஜீனியாக் கவுண்டியில் ஒன்றாக வரி கட்டினார்கள் என்று கண்டுபிடித்தால், உங்கள் ஜானின் குடும்பமும் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

கவுண்டி எல்லை இன்னொரு தலைவலி. ஆள் நகராமலேயே கவுண்டி மாறும். வர்ஜீனியாவின் தென்மேற்கில் ஒரே பண்ணை முதலில் ஆரஞ்சு, பிறகு ஆகஸ்டா, 1770-இல் பாட்டடாட், 1772-இல் ஃபின்காஸில், 1776 முடிவில் மான்ட்கோமரி என்று ஐந்து கவுண்டிகளில் இருந்திருக்கலாம். ஃபின்காஸில் நான்கு வருடம் மட்டும் இருந்து கலைக்கப்பட்டது. அன்றைய கென்டக்கி முழுவதும் அதற்குள்தான் அடங்கியிருந்தது. நியூபெரி நூலகத்தின் கவுண்டி எல்லை அட்லஸ் இணையத்தில் இலவசம். தேதியைக் கொடுத்தால் அன்றைய எல்லையைக் காட்டும். ஆவணம் பெரும்பாலும் தாய்க் கவுண்டியிலேயே தங்கியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சில கவுண்டிகளில் எல்லாம் எரிந்துபோயிருக்கும். உள்நாட்டுப் போரில் பாதுகாப்புக்காக வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பிய புத்தகங்கள் 1865 ஏப்ரல் தீயில் சாம்பலாயின. அப்போதும் வரிப் பட்டியலும் நிலப் பட்டாவும் பிழைத்திருக்கும், அவை மாநிலத்தின் பிரதிகள். எரியாத கவுண்டி என்றால் வர்ஜீனியா நூலகத்தின் சான்சரி வழக்கு அட்டவணைக்கு முதல் நாளே போங்கள். சொத்துத் தகராறு வழக்குகள் அவை. அண்ணன் தம்பிகள், மகள்களின் கணவர்கள், "கென்டக்கிக்குப் போய்விட்ட மகன்" என்று வாரிசுகள் அனைவரையும் வழக்கில் சேர்த்தாக வேண்டும். ஒரு நல்ல சான்சரி கோப்பு மூன்று தலைமுறையை ஒரே பக்கத்தில் தந்துவிடும். அதேபோல் கென்டக்கிப் பத்திரப் புத்தகங்களில் பவர் பத்திரங்களைப் பாருங்கள். வர்ஜீனியாவிலுள்ள அப்பா சொத்தில் தன் பங்கை விற்க அங்கிருக்கும் ஒருவருக்கு அதிகாரம் கொடுத்திருப்பார்கள்.

ஃபேமிலிசர்ச்சில் இப்போது முழு உரைத் தேடல் இருக்கிறது. கையெழுத்துப் பத்திரங்களை இயந்திரமே படித்து வைத்திருக்கிறது. விற்றவர், வாங்கியவர் பெயர் மட்டுமே உள்ள பழைய அட்டவணையில் சிக்காத சாட்சிகள், அண்டை எல்லைக்காரர்கள் எல்லாரும் இதில் அகப்படுகிறார்கள். எழுத்துப்பிழையை நீங்கள்தான் கற்பனை செய்து போட வேண்டும். நீள 's' எழுத்தை இயந்திரம் 'f' என்று படித்திருக்கும்.

---

மேகலா_ரா:

மூவருக்கும் நன்றி. முழு உரைத் தேடலில் 1804-இல் ஒரு கல்யாண பாண்டு அகப்பட்டது. 50 பவுண்டுக்கு ஜானும் இன்னொருவரும் கையெழுத்து. அந்த இன்னொருவரின் குடும்பப் பெயர் ஜானுடையதும் இல்லை, பெண்ணுடையதும் இல்லை. அவர் யாராக இருப்பார்? இன்னொன்று, உயில்காரரின் பிறந்த தேதி மரங்களில் "பிப்ரவரி 1731/32" என்று இருக்கிறது. எந்த வருடம் என்று தெரியாமல் போட்டதா?

---

கொடிவழி:

இரண்டாவது முதலில். தெரியாமல் போட்டதில்லை. 1752-க்கு முன் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரையான தேதிகள் பழைய கணக்கில் 1731, நம் கணக்கில் 1732. ஜார்ஜ் வாஷிங்டனே 1731 பிப்ரவரி 11-இல் பிறந்து, 1732 பிப்ரவரி 22-ஐக் கொண்டாடினார். 1752 செப்டம்பரில் 2-ஆம் தேதிக்கு மறுநாள் 14. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஆவணங்களில் மாதத்துக்குப் பெயர் கிடையாது, எண்தான், 1752-க்கு முன் அவர்களுடைய முதல் மாதம் மார்ச். ஏழாம் மாதத்தை ஜூலை என்று மாற்றி எழுதியிருக்கும் மரங்கள் ஏராளம், அது செப்டம்பர்.

பாண்டு என்பது கட்டணம் இல்லை. கல்யாணத்துக்குச் சட்டத் தடை ஏதாவது இருந்தால்தான் அந்த 50 பவுண்டு கட்ட வேண்டும். அதனால் ஜாமீன் நின்றவர் பெரும்பாலும் பெண்ணின் அப்பா, அண்ணன், சித்தப்பா. பெயர் வேறாக இருந்தால் பெண்ணின் அக்கா கணவர், அம்மாவின் இரண்டாவது கணவர், கார்டியன், தாய்மாமன் என்று இந்த வரிசையில் சோதியுங்கள். பெண் 21 வயதுக்குட்பட்டவள் என்றால் சம்மதச் சீட்டு தனியே இருந்திருக்கும். அது புத்தகத்தில் ஏறாது, கவுண்டி அலுவலகத்தில் கட்டு கட்டாக இருக்கும் உதிரித் தாள்களில் மடித்துக் கிடக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். பாண்டு தேதி கல்யாண தேதி இல்லை. அதற்குப் பாதிரியார் அனுப்பிய பட்டியலைப் பார்க்க வேண்டும்.

---

பழைய_கணக்கு:

ஒன்று விட்டுப்போயிற்று. ஜானுக்கு 1812-இல் வயது 30, கென்டக்கிக்காரர். பிரிட்டனுடன் நடந்த 1812 போரில் மிலிஷியாவில், அதாவது உள்ளூர்க் குடிமக்கள் படையில், போயிருக்க நல்ல வாய்ப்பு. 1850, 1855 சட்டங்களில் அந்த வீரர்களுக்கு நிலம் கொடுத்தார்கள், 1855 சட்டத்தில் 14 நாள் சேவைக்கே 160 ஏக்கர். ஜான் 1855 வரை இருந்தாரோ இல்லையோ, விதவை விண்ணப்பித்திருக்கலாம். கோப்பு வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். நிலத்தை விற்றுவிட்டிருந்தாலும் விண்ணப்பக் கோப்பு இருக்கும்.

ஜானின் அப்பா தலைமுறைக்குப் புரட்சிப் போர் (அமெரிக்க விடுதலைப் போர்) பென்ஷன் கோப்புகள். 1832 சட்டத்தில் விண்ணப்பித்தவர்கள் எங்கே பிறந்தேன், எப்போது எந்தக் கவுண்டிக்கு மாறினேன் என்று கோர்ட்டில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். எண்ணுக்கு முன்னால் எஸ் என்றால் உயிரோடிருந்த வீரர், டபிள்யூ என்றால் விதவை, ஆர் என்றால் நிராகரிக்கப்பட்டது. ஆர் கோப்பை ஒதுக்கிவிடாதீர்கள். நிராகரிக்கப்பட்டவர்தான் மேலும் மேலும் ஆதாரம் அனுப்பியிருப்பார். விதவைகள் கல்யாணத்தை நிரூபிக்கக் குடும்ப பைபிளில் பிறப்பு எழுதிய பக்கத்தையே கிழித்து இணைத்தது உண்டு. உங்கள் ஆள் விண்ணப்பிக்கவில்லை என்றாலும் அண்டை வீட்டுக்காரருக்குச் சாட்சி சொல்லியிருக்கலாம்.

---

தமிழ்மாறன்_கே:

இடையில் ஒரு கேள்வி. என் மருமகளின் குடும்பம் கென்டக்கிக் கறுப்பினக் குடும்பம். 1870-க்கு முன்னால் ஒன்றுமே வரவில்லை. மேலே சொன்ன முறைகள் உதவுமா?

---

செக்குபந்தி:

உதவும், ஆனால் நடுவில் ஒரு பாலம் கட்ட வேண்டும். அடிமைகளாக இருந்தவர்கள் பெயரோடு வரும் முதல் சென்சஸ் 1870. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும், அரிதாகத்தான் பெயர். ஆகவே முதல் வேலை கடைசி உரிமையாளரைக் கண்டுபிடிப்பது. குடும்பப் பெயர் உரிமையாளருடையதாகவே இருக்கும் என்று நினைத்து அங்கேயே நின்றுவிடாதீர்கள். முந்தைய உரிமையாளர் பெயரையோ வேறு பெயரையோ வைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

பார்க்க வேண்டியவை: 1866-இல் கென்டக்கிக் கவுண்டி குமாஸ்தாக்கள் பதிவுசெய்த முன்னாள் அடிமைகளின் திருமண அறிவிப்புகள். விடுதலையான அடிமைகளுக்கு உதவ அரசு அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் வேலை ஒப்பந்தங்கள். அவர்களுக்கான ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் லெக்சிங்டன், லூயிவில் கிளைக் கணக்குகள், அவற்றில் பெற்றோர், உடன்பிறந்தார் பெயர்கள் பல சமயம் எழுதியிருக்கும். குடும்பத்தில் யாராவது உள்நாட்டுப் போரில் யூனியன் (வடக்கு) படையின் கறுப்பினப் பிரிவில் இருந்தால் பென்ஷன் கோப்பு, உரிமையாளர் பெயர் அதில் அநேகமாக உண்டு. 1852-இலிருந்து சுமார் பத்து ஆண்டுகளுக்குக் கென்டக்கி பிறப்பு-இறப்புப் பதிவு நடத்தியது. அடிமைக் குழந்தைகளின் பிறப்பு அதில் உரிமையாளர் பெயரோடு இருக்கும்.

உரிமையாளர் தெரிந்ததும் மேலே சொன்ன அதே ஆவணங்கள்தான், அவருடைய குடும்பத்துக்கு: உயில், சொத்துப் பட்டியல், பங்குப் பிரிவினை, சான்சரி வழக்கு. சொத்துப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் பெயரும் டாலரில் விலையும் போட்டிருக்கும். "ஹன்னாவும் அவள் கைக்குழந்தையும்" என்று சேர்த்து எழுதிய இடம் தாய்-பிள்ளை உறவுக்கு நேரடிச் சாட்சி. எந்த மகளுக்கு யார் பங்காகப் போனார்கள் என்று பின்தொடர்ந்தால் அடுத்த கவுண்டியில் அவர்களைப் பிடிக்கலாம்.

---

கொடிவழி:

டிஎன்ஏ பற்றி யாரும் சொல்லவில்லை. மேகலா, ஜான் உங்கள் கணவருக்கு ஆறேழு தலைமுறை மேலே. சாதாரணப் பரிசோதனையில் மூன்றாம் படி உறவினர்கள் (third cousins) 90 சதவீத அளவுக்குப் பொருந்துவார்கள், நான்காம் படியில் ஏறக்குறைய பாதிப் பேர்தான், அதற்கு மேல் வேகமாகக் குறையும். ஆகவே கணவருக்குப் பதில் உயிரோடிருக்கும் மூத்த தலைமுறையைப் பரிசோதியுங்கள், மாமனாரோ அவருடைய அத்தையோ. கென்டக்கி மலைப்பகுதிக் குடும்பங்களில் உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பக் கல்யாணம் நடந்திருந்தால் பொருத்த அளவு ஊதிக் காட்டும், நெருங்கிய உறவு என்று ஏமாறுவீர்கள்.

உங்களுடையது நேர் ஆண் வழி என்பதால், அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய்-டிஎன்ஏ நன்றாகப் பயன்படும். மாமனாரிடம் ஒன்று, உயில்காரரின் வேறொரு மகன் வழியில் வந்த, அதே குடும்பப் பெயருள்ள ஆண் ஒருவரிடம் ஒன்று. இரண்டும் பொருந்தாவிட்டால் இரண்டில் ஏதோ ஒரு வழியில் இணைப்பு அறுந்திருக்கிறது. எதில் என்று அறிய ஒவ்வொரு பக்கத்திலும் இன்னொருவர் வேண்டும். பொருந்தினால் ஒரே ஆண் கொடி என்பது மட்டும் நிச்சயம். ஜான் அவருடைய மகனா, தம்பி மகனா என்பதை ஒய் சொல்லாது. அதற்கு 1798 முதல் 1803 வரையான வரிப் பட்டியலைத்தான் புரட்ட வேண்டும்.